லேட் சிப்பாய் சுடலைமுத்து

யுத்த காலத்தில் தென்காசி தபால் ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்தேன். இங்கிலீஷ் தெரிந்தவன் என்ற மிதப்பு எனக்கு நிறைய.

ஒருநாள் மேலகரத்து மாடத்தி, பட்டாளத்திலிருந்து வந்த கடிதத்தை நீட்டினாள். அவள் புருஷன் பர்மாப் பக்கம் போயிருந்தான். ‘லேட் சிப்பாய் சுடலைமுத்துவின் பெட்டி அனுப்பப்படுகிறது’ என்று இங்கிலீஷில் இருந்தது. அந்த லேட் ஏன் பெயருக்கு முன்னால் நிற்கிறது என்று எனக்கு உறுத்தியது. உள்ளே இருந்த போஸ்ட் மாஸ்டரைக் கேட்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை.

“பெட்டி முந்தி வருது. அவன் வர லேட்டாகும்” என்றேன்.

அவள் குற்றாலத்தில் குளித்து, தலை நிறையப் பூ வைத்து, எனக்குப் பாயசம் கொண்டுவந்தாள். ருசித்துக் குடித்தேன்.

பெட்டி வந்த அன்று போஸ்ட் மாஸ்டர் மாடத்தியிடம் அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். முன்பே வந்திருக்க வேண்டிய தந்தி வழியில் தொலைந்திருக்கிறது.

“என்னவே படிச்சுச் சொன்னீரு? லேட்டுன்னா செத்துப்போனவன்னும் அர்த்தம் உண்டுவே!”

மாடத்தி பூவைப் பிய்த்து எறிந்து கதறினாள். என்மேல் பாய்வாள் என்று நினைத்தேன்.

“நீங்க என்ன செய்விய அண்ணாச்சி? தெரியாமத்தான சொன்னிய” என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.