இரண்டு போதும் என்றார்கள்

போன ஞாயிறு மதியம் என் பக்கத்து வீட்டில் ஒரு குடும்பநல மாநாடு நடந்தது. மேடை இல்லை, மைக் இல்லை. முறுக்கு இருந்தது. மாநாட்டுத் தலைவி, காப்பார் ஊரிலிருந்து மகனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய நாத்தனார்.

யாருடைய நாத்தனார்? சொல்கிறேன். சுங்கை வேயில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜா குடும்பம். அவளுக்கு எலக்ட்ரோனிக் ஃபேக்டரியில் வேலை. கணவர் மணியம் லோரி ஓட்டுகிறார். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் செல்விக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு ஒன்பது. இரண்டும் படிப்பில் சுட்டி. நிறைவான குடும்பம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நாத்தனாருக்கு நிறையவில்லை. ஆண் வாரிசு இல்லையே!

இத்தனை வருஷம் மனசுக்குள் கிடந்தது இப்போது வாய்க்கு வரக் காரணம் டிவி. நாட்டுக்கு மக்கள்தொகை பற்றாது, வசதியுள்ளவர்கள் ஐந்து வரை பெற்றுக்கொள்ளலாம் என்று மேலே இருப்பவர்கள் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள் அல்லவா? அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அரசாங்கம் சொன்ன எதையும் இதற்கு முன் கேட்டவர் இல்லை. கொசு மருந்து அடிக்க வந்தவர்களையே வாசலோடு விரட்டியவர்!

"கவர்மெண்டே சொல்லிட்டாங்க, அஞ்சு பெத்துக்கலாம்னு. நீங்க பேப்பர்ல எழுதுறவங்க, நீங்களே சொல்லுங்க டீச்சர்," என்றார் என்னிடம்.

சாட்சி சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் இரண்டும் அதே கூடத்தில், மூலை மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தன. அவர்களை உள்ளே அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சின்னவள் பிறந்தபோது இதே அரசாங்கம் என்ன சொன்னது? சின்னக் குடும்பம், சந்தோஷமான குடும்பம். கிளினிக் சுவரெல்லாம் சிரிக்கிற அப்பா, அம்மா, அளவாகப் பிள்ளைகள். நர்ஸ் மிஸ்ஸி கட்டிலருகே உட்கார்ந்து இதமாக எடுத்துச் சொன்னாள். சரோஜாவும் கருத்தடை ஒப்பரேஷன் செய்துகொண்டாள். "நல்லதாப் போச்சு, சீக்கிரம் வேலைக்குப் போயிடலாம்" என்று அன்றைக்கு மெச்சியவர் யார் தெரியுமா? இதே நாத்தனார்! தம்பிக்கு வேலை நிலையில்லாத நேரம் அது. சரோஜாவின் ஷிப்ட் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

கொள்கை மாறலாம். சுவரில் ஒரு படத்தைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டலாம். அறுத்துத் தைத்த வயிற்றை என்ன செய்வது?

அதற்கும் நாத்தனாரிடம் வழி இருந்தது. "மேருப் பக்கம் நம்ம சொந்தத்துல ஒரு பொண்ணு இருக்கு. கோயில்ல ஒரு மாலை, அவ்ளோதான். சரோஜாவும் இங்கயே இருக்கட்டும். அவள யாரு போகச் சொன்னா?"

"ஒருத்தனுக்கு ஒருத்திதான்னு சட்டம் வந்தாச்சேம்மா," என்றேன்.

"ரெஜிஸ்டர் பண்ணாத்தானே டீச்சர் குத்தம்?"

பார்த்தீர்களா? ஒரே அரசாங்கம் சொன்னதுதான் இரண்டும். ஒன்று தலைமேல், இன்னொன்று காலடியில்! ஆண்களுக்கு எது தோதோ அது மட்டும்தான் நம் வாசற்படி ஏறுகிறது. குடும்பம்தான் சமுதாயத்தின் அஸ்திவாரம் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம்... அந்த அஸ்திவாரத்துக்கு அடியில் கிடப்பது யார்?

சரோஜா பின்னேர ஷிப்டுக்கு யூனிபோர்ம் போட்டு, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இப்போது கணவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில புருஷன் கையெழுத்து வேணும்னாங்க. நீங்கதான் போட்டீங்க. இன்னைக்கு என்னா சொல்றீங்க?"

மணியம் மோசமான மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "அக்கா சொல்றதையும்... யோசிக்கலாம்லா," என்றார்.

ஓங்கி அறைந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வெளியே ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தது. சரோஜா எழுந்தாள். "கவர்மெண்டுதானே சொல்லுச்சு அண்ணி? என் வயித்துல வெட்டுனத அவங்களையே வந்து ஒட்டித் தரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இந்த வீட்டின் அரிசிக்காகத்தான் போகிறாள்!

பிறகு நாத்தனார் மூலை மேசைப் பக்கம் திரும்பினார். "செல்வி, எல்லாருக்கும் காப்பி கலக்கும்மா."

செல்வி புத்தகத்தை மூடி வைத்தாள். சமையலறை வாசலில் நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"எல்லாருக்கும்னா, எங்க ரெண்டு பேரையும் சேர்த்தா அத்தை?"

நாத்தனார் இன்னொரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

நாட்டுக்கு ஆள் பற்றாதாம்!