வாசலில் விட்ட செருப்பு

திண்டிவனத்துக்கு வெளியே, சென்னை போகிற ரோட்டோரம் ஒரு பழைய மால் நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "பாவம், பாழாப்போச்சு" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது ஓய்ந்துபோனதால்தான் என் வீடு மறுபடி வீடாயிற்று என்று அவர்களை நிறுத்திச் சொல்லத் தோன்றும். ஓடுகிற காரை நிறுத்தவா முடியும்? அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

திறந்த நாளிலிருந்து அங்கே கடை வைத்திருப்பவள் நான். கீழ்த்தளத்தில் வளையல், பொட்டு, ஹேர்பேண்டு விற்கிற ஃபேன்சி ஸ்டோர். திறப்பு விழா அன்று நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. முதலில் வந்த குடும்பம் அதைப் பார்த்துத் தயங்கி, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தது. பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். அப்புறம் யார் கேட்பது? மயிலம், மரக்காணம் என்று சுற்றுவட்டாரமே திரண்டு வந்து, கோயில் வாசல் மாதிரி செருப்பைக் குவித்துவிட்டு, வெறுங்காலோடு எஸ்கலேட்டரில் ஏறியது. வாட்ச்மேன் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் நமக்கேன் வம்பு என்று தன் ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்.

அந்தக் குவியலில் போனதுதான் என் வீட்டுக்காரரின் செருப்பு. அவர் மல்லாட்டை வியாபாரி, அதாவது நிலக்கடலை. நாளெல்லாம் மார்க்கெட் புழுதியில் நிற்கிற மனிதர், ஆனால் காலுக்கு மட்டும் பாண்டிச்சேரியில் வாங்கிய தோல் செருப்புதான் வேண்டும். கட்டைவிரலை நுழைத்து மாட்டுகிற செருப்பு. நடந்தால் சரக் சரக்கென்று சத்தம் வரும். தெருமுனையிலேயே ஆள் வருவது தெரிந்துவிடும். அன்றைக்குப் புத்தம் புதுசு போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் காணோம். கொளுத்துகிற வெயிலில் அவர் குதித்துக் குதித்துப் போனதைக் கடைக்குள்ளிருந்து பார்த்து, பாவி, நான் சிரித்துவிட்டேன்.

செருப்பு காணாமல் போனால் பிடித்த சனியும் கூடவே போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். அதைச் சொல்லிச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். மனிதர் மசியவில்லை.

"அந்த மாலு என் செருப்பத் திருப்பிக் குடுக்கட்டும். அப்புறம் உள்ள வர்றேன்" என்றார்.

சொன்னால் சொன்னதுதான். அதே மாதிரி வேறு செருப்பு வாங்கிய பிறகும் உள்ளே வரவில்லை. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாலும் கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்தபடி ஹாரன் அடிப்பார். நான்தான் ஓடிப்போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கொஞ்ச காலம் மால் ஓகோவென்று ஓடியது. பௌர்ணமிக்குத் திருவக்கரைக் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வேன்கள்கூட அங்கே நின்றுதான் போகும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றது. பெரிய துணிக்கடை முதலில் போனது, பின்னாலேயே சூப்பர் மார்க்கெட். எஸ்கலேட்டர் நின்று வெறும் படிக்கட்டாயிற்று. மிச்சம் மீதியைக் கொரோனா துடைத்துவிட்டது. மேலே ஃபுட் கோர்ட் இருந்த இடம் கல்யாண மண்டபமானது. கீழே பிள்ளைகள் கேம்ஸ் விளையாடிய இடத்தில் பிசியோதெரபி சென்டர் வந்தது. துணிக்கடையின் நீளக் கண்ணாடிக்குப் பின்னால் கை இல்லாத பொம்மைகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. போனி ஆகாத நாட்களில் கடையைக் காலிபண்ணிவிடலாமா என்று யோசிப்பேன். என் வீட்டுக்காரருக்கோ உள்ளூரக் குஷி. என் செருப்பு சாபம் சும்மா விடுமா என்பார்.

கொரோனா அடங்கி எல்லோரும் மூச்சுவிட்ட நேரம் அது. காலையில் லுங்கி கட்டிக்கொண்டிருந்தவருக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்து, பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்குத் தேறினார். ஆனால் இடது காலில் செருப்பு நிற்கவில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் கழன்று பின்னால் கிடக்கும். கழன்றது அவருக்கே தெரியாது. "அண்ணே, செருப்ப வுட்டுட்டுப் போறீங்க" என்று டீக்கடைக்காரர் நல்ல மனதோடுதான் கூப்பிட்டுச் சொன்னார். இவருக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றோடு வெளியே போவதை விட்டுவிட்டார்.

பின்னால் பெல்ட் வைத்த செருப்பு வாங்கிவந்தேன். எல்.கே.ஜி. பிள்ளையா நான் என்று கட்டிலுக்கடியில் தள்ளினார். போனால் தன் தோல் செருப்போடு மார்க்கெட்டுக்குப் போவது, இல்லையென்றால் வாசலே தாண்டுவதில்லை. அப்படி ஒரு வீம்பு. பகலெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க, இந்த மனிதர் இப்படியே முடங்கிவிடுவாரோ என்று பயந்தே போனேன்.

பிசியோதெரபி பார்க்கிற பெண் ஒருநாள் கிளிப் வாங்க என் கடைக்கு வந்தாள். அவளிடம் கொட்டித் தீர்த்தேன். சமமான நீளத் தரையும் பிடித்துக்கொள்ள ஒரு பிடிமானமும் இருந்தால் போதும், இங்கே கூட்டி வாருங்கள் என்றாள். வீட்டில் வந்து சொன்னால், "அங்கியா?" என்று குழறிய வாயோடு முறைக்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

"செருப்பு ரோட்ல வுழுந்து கெடக்குது, வீம்பு மட்டும் எழுந்து நிக்குதா? கெளம்புங்க" என்றேன்.

கிளம்பினார். வலது காலில் செருப்பு; இடது செருப்பு என் கையில். ஆட்டோவில் போய் இறங்கி, தரை காலுக்குத் தெரிய வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னதால், இரண்டையும் பழையபடி வாசலில் விட்டோம். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அவர் உள்ளே கால் வைத்தார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அதுதான் வேலை. துணிக்கடைக் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு என் கடையிலிருந்து எஸ்கலேட்டர் வரைக்கும் நடப்பார். கண்ணாடி முழுக்கக் கைரேகை விழும். நான் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போவேன். குழியில்லை, வண்டியில்லை, வேடிக்கை பார்க்க ஆளில்லை. பொம்மைகள் மட்டும்தான் பார்த்தன. நன்றாக ஓடுகிற மாலில், ஒரு மனிதர் கண்ணாடியைத் தடவிக்கொண்டு நடக்க யார் விட்டிருப்பார்கள்? அந்த வெறிச்சோடிப்போன தரைக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

அப்புறம் இடது கால் விரலுக்குப் பயிற்சி. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் எதையாவது பற்றி எடுக்க வேண்டும். என் கடையிலிருந்து வெல்வெட் ஹேர்பேண்டைக் கீழே போட்டேன். விரல் அசையவே இல்லை. "பேஜாரு" என்று எட்டி உதைப்பார். நான் பொறுக்கி வந்து மறுபடி போடுவேன். இரண்டு பேரும் சண்டை போடாத நாளில்லை. மழைக்காலம் போய்ப் பனி விழத் தொடங்கியபோது ஒரு சிவப்பு பேண்டு தரையைவிட்டு எழும்பியது. அந்தப் பெண் கைதட்டினாள். நான் கடைக்குள் போய் அழுதேன்.

தை பிறந்தது. நல்ல முகூர்த்த நாள். பயிற்சி முடித்து வெளியே வந்தால், மேலே கல்யாணத்துக்கு வந்தவர்கள் வாசல் முழுக்கச் செருப்பைக் கழற்றிக் குவித்திருக்கிறார்கள். எங்களுடையது எங்கே என்றே தெரியவில்லை. எனக்குத் திறப்பு விழா ஞாபகம் வந்துவிட்டது. இந்த முறையும் போயிற்று என்றால் இவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். உட்கார்ந்து இரண்டு கையாலும் கிளறினேன்.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது காலால் நாலைந்து செருப்பை ஒதுக்கினார். அடியில் கிடந்தது தோல் செருப்பு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். வலது காலை நுழைத்தார். இடது செருப்பை எடுக்க வழக்கம்போல நான் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். இடது கால் மெதுவாக நகர்ந்தது. கட்டைவிரல் விலகி, தடுமாறி, உள்ளே நுழைந்து இறுக்கிக்கொண்டது.

ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது. நடுவில் மண்ணும் ஜல்லியும். அவர் முன்னால் நடக்க, அந்த இடது குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு நான் பின்னால் போனேன். சரக் சரக் என்று சத்தம் கேட்டது. ஒரு சரக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நான் மூச்சுவிடவில்லை.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, இடது காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். செருப்பு காலில் இருந்தது.

"குடுத்துட்டுது பாத்தியா" என்றார்.

நான் திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். வீட்டுக்கா என்று ஆட்டோக்காரர் கேட்டார். இவர் முந்திக்கொண்டு, மார்க்கெட்டுக்கு என்றார்.