சவுதி போன்

பட்டுக்கோட்டைப் பக்கம், எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் போன் இருந்தது. சவுதியிலிருந்து கூப்பிடுகிறவர்கள், "எங்க வீட்டு ஆளுங்கள வரச் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல மறுபடி பண்றேன்" என்று வைத்துவிடுவார்கள். ஓடிப்போய்க் கூட்டிவருவது என் வேலை. கூலி எட்டணா. அது அன்றைக்கே மிட்டாயாகிவிடும்.

ஜமீலா அக்காவின் புருஷன் கூப்பிட்டால் மாமியார்தான் முதலில் பேசுவார். ரிசீவர் அக்கா கைக்கு வருவதற்குள் லைன் கட்டாகிவிடும்.

ஒருநாள் அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுக் கெஞ்சினாள். "அடுத்த தடவை எனக்கு மட்டும் சொல்லுடி. மாமிக்குச் சொல்லிடாத."

அப்படியே செய்தேன். மாமியார் தொழுகையில் இருந்தார். அக்கா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என்னோடு ஓடிவந்தாள். வழியெல்லாம் முணுமுணுத்தாள்: "மச்சான், என்னால இங்க இருக்க முடியல. எங்க உம்மா வீட்டுல கொண்டுபோய் விடச் சொல்லுங்க."

மணி அடித்தது. எடுத்தாள். கூடத்தில் போன் வீட்டுக்காரர், அவர் மனைவி, தங்கள் போனுக்காகக் காத்திருந்த நாலைந்து பேர். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒயர் அவ்வளவுதான் நீண்டது.

"நல்லா இருக்கேன் மச்சான்" என்றாள். அத்தோடு ரிசீவரை வைத்துவிட்டாள்.

இதைச் சொல்லவா இவ்வளவு ஓட்டம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இப்போது நான் கல்யாணமாகி துபாயில் இருக்கிறேன். போன் என் கையிலேயே இருக்கிறது. அம்மா கூப்பிட்டு "எப்படிடி இருக்க?" என்று கேட்டால், அறையில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம்தான் வாயைத் திறக்கிறேன்.

"நல்லா இருக்கேம்மா."