ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை

பழிவாங்குவது பாவம் என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பழிவாங்க ஆள் இருக்காது. எனக்கு இருந்தார். என் அப்பாவின் தம்பி. மலாய் நாட்டுத் தீவொன்றின் ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் தலைமைக் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தர்களுக்குத் தலைவராக, இருந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் மேல்பையில் பேனாவுமாக அவர் வந்து உட்கார்ந்தால் வீட்டில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிராணி வேலையில் நிலைத்த எங்கள் குடும்பங்களில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் நான் தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. காலையில் தீவிலிருந்து ஃபெரியில் கடலைத் தாண்டி, அக்கரையில் பட்டர்வொர்த்தில் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் ஃபெரி பாதிக் கடலில் போய்க்கொண்டிருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு உள்ளே போகவில்லை. விரல்கள் மரத்துப்போயின. சாகப் போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுற்றிலும் தண்ணீர், இறங்கவும் முடியாது. பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். கரை வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. மறுநாள் ஃபெரி கட்டும் ஜெட்டித் துறையைப் பார்த்ததுமே திரும்பவும் வந்தது.

அதற்குப் பிறகு ஃபெரி ஏற முடியவில்லை. பிறகு பஸ். பிறகு பசார், கடைத்தெரு. கடைசியில் வாசலைத் தாண்டுவதே பெரும்பாடாகிவிட்டது. பேய் என்றார்கள், கயிறு கட்டினார்கள். கல்யாணம் பண்ணினால் தெளிந்துவிடும் என்றார்கள். தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். நல்ல விதமாகவே ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்.

சித்தப்பா என்னைத் தன் ஆஸ்பத்திரிக்கு டாக்சியில் அழைத்துப் போனார். அங்கிருந்த மனநல மருத்துவர் என்னைப் பார்த்துப் பேசிவிட்டு, இது பைத்தியம் இல்லை, பயம் என்றார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஓர் அம்மா அதே கட்டடத்தில் இருக்கிறார், பேசியே இந்தப் பயத்தைப் பழக்கிவிடுவார், அனுப்பட்டுமா என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பா என் தலைக்கு மேலாக இங்கிலீஷில் பதில் சொன்னார். வேண்டாம் டாக்டர், வீட்டில் நாங்கள் பேசிக்கொள்கிறோம், மாத்திரை மட்டும் போதும் என்றார். இங்கிலீஷ் எனக்குத் தெரியாதா என்ன? நானும் படித்தவள்தான். அவர் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவின் அறையோ நீளமான தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. அங்கே போகிறவளை ஆஸ்பத்திரி முழுக்கப் பார்க்கும், அந்தி சாய்வதற்குள் எங்கள் ஆட்கள் எல்லார் வீட்டிலும் பேச்சாகிவிடும். மாத்திரைக்கு அந்தத் தொல்லை இல்லை. அதை அவர் தன் சாப்பாட்டு அடுக்கின் மேல் தட்டில் வைத்து, மூடி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நோயை மறைத்தால் நோயே இல்லை என்று நினைப்பது எங்கள் சனத்தின் பெரிய படிப்பு.

மாத்திரை தூங்க வைத்தது. பயம் தூங்கவில்லை. என் இருபதுகள் அப்படியே போயின. வந்த இரண்டொரு வரன்களும் வாசலோடு திரும்பின. மாடியில் படுத்துக்கொண்டு நான் ஒன்றே ஒன்றைத்தான் ஒழுங்காக யோசித்தேன்: இந்த மனிதரை ஒரு நாள் நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்னை எழுப்பியது ஒரு சீனத் தாதி; தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்போம். மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க அம்மாவோடு டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு நாள், நான் அம்மாவின் சேலையை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்து விசாரித்தார். அந்த வெளிநாட்டுப் படிப்பு அம்மா அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார்; அவரோடு கூடவே இருந்து வேலை பழகியவர் இந்த மிஸ்ஸி. தன் ஓய்வு நாட்களில் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். முதலில் வாசல். பிறகு தெருமுனை. பிறகு மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் மசாலாக் கடைகள். கடைசியில் ஃபெரி. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெருப் பேச்சான பசார் மலாய் ஒன்றுதான். "என்ன நடக்கும்னு நினைக்கிறே?" என்று கேட்பார். "செத்துடுவேன்" என்பேன். "சரி, போய்ப் பார்ப்போம் லா" என்பார். போய்ப் பார்ப்போம். சாகவில்லை. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். ஒன்றும் ஆகாது என்று சொல்லுங்கள் மிஸ்ஸி என்று அழுவேன். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவர் சொல்லித் தெரிந்துகொண்டால் அடுத்த முறையும் யாராவது சொல்ல வேண்டியிருக்கும், நானே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் தொழிலின் விதி. அன்று அவர்மேல் எனக்குக் கொலைவெறியே வந்தது.

இதற்குத் தமிழில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நோயாளி பஸ்ஸை விட்டுவிடுவார். ஆனால் பிழைத்தேன்.

தொண்ணூறுகளில் நாடு முழுவதற்கும் ஒரு மனநலக் கொள்கை வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. குணமானவர்களையும் கேட்கலாம் என்று யாருக்கோ தோன்றி, ஒரு கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நான் அப்போது டியூஷன் சொல்லிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒரு பெரிய டாக்டர், பேச்சுச் சிகிச்சைக்குப் படித்த நோயாளி வேண்டும், ஊர் கிளினிக்கில் வருகிறவர்களுக்கு மாத்திரைதான் சரி என்றார். நான் எழுந்து, "நான் பசார் மலாயில குணமானவ, டாக்டர்" என்றேன். சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு எனக்கு வேண்டியதைச் சொன்னேன். இந்தச் சிகிச்சை ஊர் கிளினிக்குகளுக்கு வர வேண்டும். தாதிகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவரவர் பாஷையில் நடக்க வேண்டும். பெரிய டாக்டரின் சீட்டு இல்லாமல் யாரும் நேராக வந்து உட்காரலாம். வேண்டாம் என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும், சொந்தக்காரர் சொன்னால் செல்லாது.

கடைசியாகச் சொன்னதை நாட்டு நன்மைக்காகச் சொன்னேன் என்று அங்கே எல்லாரும் நினைத்தார்கள். நான் ஒரே ஒரு மனிதரை நினைத்துச் சொன்னேன்.

கொள்கை என்பது ஆமை வேகத்தில் வரும் சாமான். இருந்தாலும் ஒரு முன்னோட்டமாக, அக்கரையில் பட்டர்வொர்த்துக்கு அருகே, செபராங் ஜெயா பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வாரத்தில் ஒரு நாள் தொடங்கினார்கள். ஒரு மலாய்க்காரத் தாதி பொறுப்பு. தமிழ் ஆட்களுக்குத் துணையாக, பயிற்சி எடுத்துக்கொண்டு, நான். நோயாளிகளைப் பின்பக்க அறையில் உட்கார வைக்கலாம் என்றார்கள். கூடாது, காய்ச்சல்காரர்களோடு முன்வாசல் பெஞ்சில்தான் என்று சண்டை போட்டு வாங்கினேன்.

அந்தப் பெஞ்சுக்கு ஒரு நாள் சித்தப்பா வந்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சித்தியும் போய்ச் சேர்ந்து, செபராங் ஜெயாவில் தனி வீட்டில் இருந்தார். தீவில் இருந்த மகள் வீட்டுக்குப் போய் வருஷக்கணக்காகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். மருமகனோடு மனத்தாங்கல் என்று நினைத்திருந்தேன். மனத்தாங்கல் இல்லை. கடலைத் தாண்ட முடியவில்லை. தீவுக்குப் போகும் பாலத்தில் கார் ஏறினாலும் நெஞ்சு அடைக்கிறது, ஃபெரி என்றால் ஜெட்டியிலேயே கால் மடங்குகிறது. என்னை அங்கே பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"பின்பக்கமா வழி இருக்கா மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல சித்தப்பா. எல்லாருக்கும் இதே வாசல்தான். உக்காருங்க."

உட்கார்ந்தார். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவரை வேண்டுமென்றே காக்க வைக்கவில்லை. முறைப்படி அவருக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள். அந்த நேரம் முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். பொறுப்புத் தாதி, சொந்தம் என்றால் வேறு ஆளிடம் விடலாமே என்றார். நானே பார்க்கிறேன் என்று சட்டென்று சொன்னேன்.

சில வாரங்கள் பேசினோம், நடந்தோம், பஸ் ஏறினோம். பிறகு ஃபெரியின் நாள் வந்தது. பட்டர்வொர்த்தில் ஏறி மேல்தட்டில் நின்றோம். சங்கு ஊதியதும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கஞ்சி போட்ட சட்டை முதுகில் ஒட்டிப்போனது.

"நடுவுல எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

"நெஞ்சு நின்னுடும் மா. நிச்சயம்."

"பார்ப்போம்."

"ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லேன் மா. உனக்கு இரக்கமே இல்லையா?"

நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது விதி. எத்தனை அருமையான விதி. எனக்குள் இருந்த இத்தனை வருஷத்து வஞ்சம் முழுவதும் அந்த விதிக்குள் சொகுசாக உட்கார்ந்துகொண்டது. அவர் உதடு துடித்தது. கண் கலங்கியது. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனிப்பாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாதிக் கடல் தாண்டியதும் அவர் மூச்சு சீராகத் தொடங்கியது. ஒரு கை கம்பியை விட்டது. பிறகு மற்றதும் விட்டது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்தார். அவர் பயம் இறங்க இறங்க எனக்கு ஆத்திரம் ஏறியது. இன்னும் கொஞ்சம் பயப்படட்டுமே என்று கிடந்து தவித்தேன். என் இளமையைத் தின்ற நோய் இந்த மனிதரை ஒரு காலைப்பொழுதில் விட்டுவிட்டுப் போகிறது. நானே கூட நின்று வழியனுப்புகிறேன்.

தீவுக்கரையில் இறங்கியதும் ஜெட்டிப் பலகையின் மேல் நின்று காலைத் தட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா மா?" என்றார்.

"இவ்வளவுதான் சித்தப்பா. அன்னிக்கு டாக்டர் எனக்குத் தர்றேன்னு சொன்னது இதைத்தான். வேணாம்னு நீங்க சொன்னதும் இதைத்தான்."

ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நீயும் இப்படித்தான் தவிச்சியா?" என்று கேட்டார்.

"ஆமா. என் கூட வந்தது ஒரு சீன மிஸ்ஸி. சொந்தக்காரங்க யாரும் வரல."

மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு கணம் நினைத்தேன். கேட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் கேட்கவில்லை, என் சேலைத் தலைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பிப் போறப்போ கூட வருவே இல்ல?"

தலைப்பை மெதுவாக இழுத்துக்கொண்டேன். "இல்ல சித்தப்பா. அடுத்தது நீங்க தனியா போகணும். அதுதான் பாடம்."

அது பாடம்தான், பொய்யில்லை. ஆனால் அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கலாம். தீவிலிருந்து போகிறவர்களுக்கு டிக்கெட் கிடையாது. நின்று சாக்குச் சொல்ல அவருக்கு ஒரு கவுண்டர்கூட இல்லை. கூட்டத்தோடு போனார். ஏறுவதற்கு முன் திரும்பி, "ஒண்ணும் ஆகாது இல்ல மா?" என்று குரல் கொடுத்தார். நான் பதில் சொல்லவில்லை. ஃபெரி கரையை விட்டு நகரும் வரை அங்கேயே நின்றேன், அவருக்குத் தெரிகிற இடத்தில், கையை அசைக்காமல்.