தெலுங்கு தெரிஞ்ச நாய்

அன்னைக்குத் தோப்பில் யார் யார் இருந்தோம்னு முதலில் சொல்லிடுறேன்.

தோப்பு முதலாளி, கையில் கம்போட.

அவருடைய டிரைவர். காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியையும் ஏற்றிக்கிட்டார்.

மாங்காய் பறிக்கிற ஆட்கள், மரத்து மேல. அதில் ஒருத்தன் என் மச்சினன், என் வீட்டுக்காரி கூடப் பிறந்த தம்பி.

நான். அந்தத் தோப்புக்குக் காவல்.

எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரி.

எனக்கு முன்னால் நாய்.

முதலாளி சொன்னது இவ்வளவுதான். காவல்காரன் நான் சொன்னபடி நாய் நடந்தால் தோப்பில் இருக்கலாம். நடக்காவிட்டால் மாங்காய் ஏற்றுகிற வண்டியிலேயே அதையும் ஏற்றி, வந்த இடத்துக்கே அனுப்பிடணும்.

வந்த இடம் ராஜபாளையம். திரும்பிப் போனால் அங்கே அதுக்கு ஊசி.

அது எனக்குத் தெரியும், ஏன்னா ஊசிக்கு முந்தின நாள்தான் அதைக் கொண்டு வந்தேன். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாடி மருந்தடிக்கிற பம்புக்கு வாஷர் வாங்க ராஜபாளையம் போயிருந்தேன். கடைக்குப் பக்கத்து வீட்டில் நாய் வளர்த்து விற்கிறார்கள். எல்லாம் ஊர்ப் பேர் கொண்ட நாய்தான். வெள்ளை வெளேர்னு, மூக்கு மட்டும் ரோஸ் கலர். ஒன்று மட்டும் தனியா மூலையில், ரெட்டைச் சங்கிலியில் கிடந்தது.

"அதுக்கு எதுக்கு ரெட்டைச் சங்கிலி?"

"அது அடங்காதுப்பா. கூப்பிட்டா வராது. திரும்பிப் பாக்கவும் செய்யாது. தூங்கும்போது தொட்டா கையைக் கவ்வுது. வாங்கிட்டுப் போன ரெண்டு பேரும் கொண்டாந்து விட்டுட்டாக. நாளைக்கு டாக்டர் வாராரு. ஊசி போட்டு முடிச்சு விட்டுரலாம்னு."

பீஸ் போன பல்பைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்.

நான் நாயைப் பார்த்தேன். அது என் கையில் இருந்த வடைப் பொட்டலத்தைப் பார்த்தது. அடங்காதது மாதிரி எனக்குத் தெரியவில்லை. பசித்தது மாதிரிதான் தெரிந்தது. வடையைக் கொடுத்தேன். என் விரலை விட்டுவிட்டு வடையை மட்டும் எடுத்தது.

"நான் கொண்டு போறேன்."

"கடிச்சா நான் பொறுப்பில்ல."

"சரி."

உரச்சாக்கில் உடம்பைப் போட்டு, தலையை வெளியே விட்டு, மொபெட்டில் காலுக்கு நடுவில் வைத்துக்கிட்டேன். வில்லிபுத்தூர் பஜாரில் ஒரு லாரிக்காரன் பின்னாடியே வந்து ஹாரன் அடித்தான். நான் வண்டியோடு விழப் பார்த்தேன். ஒரு பெரியவர் வாயில் இருந்த வெத்திலை வெளியே வந்துவிட்டது. நாய் நேரே பார்த்துக்கிட்டு இருந்தது.

எனக்கு ஒரே பெருமை. ராஜபாளையம் நாய்னா சும்மாவா. அந்தப் பெருமையில் பால்கோவா வாங்கி ஒரு துண்டு கொடுத்தேன். சுற்றியிருந்த இலையையும் சேர்த்துத் தின்றது.

தோப்பு வில்லிபுத்தூரில் இருந்து வத்ராப் போற ரோட்டில், மலையடிவாரத்தில். உள்ளேயே எங்களுக்கு ஒரு வீடு. வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்தாள்.

"வாஷர் வாங்கத்தானே போனீய?"

"வாங்கிட்டேன்."

"இது?"

"இதுவும்."

மேற்கொண்டு நான் பேசவில்லை. அவள் பேசினாள், கையும் சேர்ந்து பேசியது. கல்யாணத்துக்கு முன்னாடி அவள் ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவள். மெஷின் சத்தத்தில் உள்ளே வாய்ப்பேச்சு எடுபடாது. வா, நில்லு, நூல் அறுந்து போச்சு, சூப்பர்வைசர் வாரான் எல்லாமே கை ஜாடைதான். மில்லை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தக் கை நிற்கவில்லை. சாப்பிட வாங்கன்னு வாய் சொல்லும்போதே கை காற்றில் சோறு பிசையும். நான் அதைக் கவனிக்கிறதை விட்டு ரொம்ப நாள் ஆச்சு.

தீபாவளிக்கு மச்சினன் வந்தான், வந்தவன் எங்களோடயே தங்கிட்டான். சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் நாங்கள், எங்களுக்குச் சின்ன வெடி பத்தாது. நாய் படுத்திருந்த இடத்தில் இருந்து பத்தடி தள்ளி ஒரு குண்டைக் கொளுத்தினான். கொய்யா மரத்தில் இருந்த காக்கா பூராவும் பறந்தது. நாய் தூங்கிக்கிட்டு இருந்தது.

"மச்சான், இது நாயில்ல. மிலிட்டரில இருந்து ரிட்டயர் ஆயி வந்திருக்கு."

அதையும் நான் பெருமையாத்தான் எடுத்துக்கிட்டேன்.

ஒரே ஒரு குறை. வான்னா வராது, போன்னா போகாது. அதட்டினாலும் அதே மாதிரிதான். ஒரு நாள் அப்படிக் கத்திக்கிட்டு இருக்கும்போது மச்சினன்தான் கண்டுபிடித்தான்.

"மச்சான், அது எந்த ஊரு?"

"ராஜபாளையம்."

"வளர்த்தவுக வீட்ல என்ன பேசுவாக?"

"தெலுங்கு."

"பொறவு நீங்க தமிழ்ல கத்துனா அது என்ன செய்யும்?"

எனக்கு அது நியாயமாப் பட்டது. வளர்த்த வீட்டுப் பேச்சுத்தானே வரும். முதலாளியோட டிரைவரும் தெலுங்குக்காரர்தான். முதலாளி வீடு வரைக்கும் போய் அவரிடம் நாலு வார்த்தை கேட்டேன். வான்னா 'ரா'. உட்காருன்னா 'கூர்ச்சோ'. படுன்னா 'படுக்கோ'. எந்திரின்னா 'லே'. வழி நெடுக மொபெட்டில் சொல்லிக்கிட்டே வந்தேன்.

வீட்டில் சொன்னதும் வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கிட்டாள்.

"சொல்லிப் பாருங்க," என்றாள். கூடையை எடுத்துக்கிட்டு என் பின்னால் போய்த் துணி காயப்போட ஆரம்பித்தாள்.

"ரா," என்றேன்.

நாய் வந்தது.

"கூர்ச்சோ."

உட்கார்ந்தது.

நான் அப்படியே நின்றேன். மச்சினன் வாயில் இருந்த பீடி கீழே விழுந்தது. அப்புறம் அவன் சொல்லிப் பார்த்தான். நாய் மலையைப் பார்த்தது.

"உச்சரிப்பு சரியில்லல," என்றேன்.

அன்றையிலிருந்து நாய் நான் சொன்னதெல்லாம் செய்தது. நான் தெலுங்கு பேசும்போது வீட்டுக்காரி எனக்குப் பின்னால் ஏதாவது காயப்போட்டுக்கிட்டே இருந்தாள். துணி இல்லாத அன்றைக்கு மிளகாய், மிளகாய் இல்லாத அன்றைக்கு வெறும் சாக்கு. அவள் இல்லாத நாளில் நாய் எதுவும் செய்யாது. அவளைத் தேடுது பாவம்னு நினைத்துக்கிட்டேன். இதையெல்லாம் இப்போ எழுதும்போது எனக்கே எப்படியோ இருக்கிறது.

வத்ராப் டீக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. பார்க்க ஆள் வந்தார்கள். ரோஸ் மூக்கைப் பார்த்துவிட்டு வேலிக்கு வெளியிலேயே நின்றார்கள். மச்சினன் அவர்களுக்கு விளக்கம் சொல்லுவான்.

"எங்க மச்சான் தமிழ்ல கேட்டா ஊங்கொட்டத்தான் செய்வாரு. தெலுங்குல வெளுத்து வாங்குதாரு, பாருங்க."

மாங்காய் இறங்குகிற சமயம் வினை வந்தது. நாய் மரத்தடியில் தூங்கிக்கிட்டு இருந்தது. மாங்காயை மொத்தமா எடுக்கிற வியாபாரியோட ஆள் ஒருத்தர், அதுக்குப் பின்னால் இருந்த சாக்கை இழுத்தார். சாக்கு நாய் முதுகில் உரசியது. அது துள்ளி எழுந்து கையில் கிடைத்ததைக் கவ்வியது. அதுக்கு ஏது கை, வாயில் கிடைத்ததைத்தான். கிடைத்தது லுங்கி. ஆள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் லுங்கி மொத்தமும் நாயோடு போய்விட்டது. அவர் மரத்தில் ஏறிக்கொண்டார். நான் வேட்டி கொண்டு போய்க் கொடுத்த பிறகுதான் இறங்கினார்.

வியாபாரி முதலாளிக்குப் போன் போட்டார். கடிக்கிற நாய் கிடந்தால் ஆள் ஏறாது, வேற தோப்பு பார்த்துக்கிடுதோம் என்றார். மறுநாள் காலையில் முதலாளி கார் வந்துவிட்டது. அந்த நாளைத்தான் முதலில் சொன்னேன்.

அன்றைக்குக் காலையில் வீட்டுக்காரி துணி ஒன்றும் எடுத்து வரவில்லை. கையைக் கட்டிக்கிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"எங்கே, சொல்லுப்பா," என்றார் முதலாளி.

"ரா."

வந்தது.

"கூர்ச்சோ."

உட்கார்ந்தது.

முதலாளி கம்பைக் கொஞ்சம் இறக்கினார். அவர் வீட்டுப் பேச்சே தெலுங்குதான். தானே சொல்லிப் பார்த்தார். நல்ல தெலுங்கு, நீளமாகவே சொன்னார். நாய் அவரைப் பார்த்தது. கொட்டாவி விட்டது.

"எசமான் சொன்னாத்தான் கேக்கும் போல," என்றார். கோபம் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறக்காத ஆள் திறந்தால் அளவு தெரியாது.

"நான் திரும்பி நின்னு சொன்னாலும் கேக்கும் மொதலாளி," என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியா? சொல்லு பாப்போம்."

நான் திரும்பினேன்.

எதிரே வீட்டுக்காரி நின்றாள். வலது கை தோள் உயரத்துக்கு இருந்தது. உள்ளங்கை நாயைப் பார்த்து விரிந்திருந்தது. போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி.

அவள் கையை இறக்கவில்லை. கண்ணால் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். சோறு குழைந்துபோன அன்றைக்கு நான் வாயைத் திறப்பதற்கு முன்னாடி அவள் பார்க்கிற பார்வை அது.

லாரி ஹாரன், தீபாவளி குண்டு, காய்ந்த சாக்கு எல்லாம் வரிசையா எனக்குள் வந்து நின்றன. நாய்க்குக் காது கேட்காது. தமிழும் கேட்காது, தெலுங்கும் கேட்காது.

பின்னால் முதலாளி, "என்னப்பா, சொல்லு," என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. வந்ததில் இருந்து நாய் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. பயம்.

வீட்டுக்காரியோட உள்ளங்கை கன்னத்தில் சாய்ந்தது.

"படுக்கோ," என்றேன்.

"படுத்துட்டான்!" என்றார் முதலாளி.

கை புரண்டு மேலே எழும்பியது.

"லே."

"எந்திரிச்சிட்டான்!"

அவள் விரலை மடக்கினாள். 'ரா' என்றேன். நாய் வந்து என் கெண்டைக்காலில் மூக்கை வைத்தது. அவள் கை முந்தியது, என் வாய் பிந்தியது. முதலாளி டிரைவரைக் கூப்பிட்டு, கண்ணாடியை இறக்கிப் பாருய்யா என்றார். டிரைவர் விரல் நுழைகிற அளவு இறக்கினார்.

"இருக்கட்டும்ப்பா," என்றார் முதலாளி. "ஆள் வேலை பாக்கும்போது மட்டும் கட்டிப் போடு." போகும்போது நாயை ஒரு தரம் ஆசையாப் பார்த்தார். "எங்க வீட்டுக்குக் கொண்டு போயிருவேன். என் பேச்சுக்கு அசைய மாட்டேங்கானே."

கார் போனது. மாங்காய் வண்டி கிளம்பியது. நாய் அதில் இல்லை.

நான் வீட்டுக்காரியைப் பார்த்தேன்.

"எப்போ தெரியும்?"

"தீவாளி அன்னைக்கே. குண்டு வெடிச்சதுக்குக் காது மடல் கூட ஆடல. மில்லுல காது போனவுகளோட எத்தன வருசம் வேலை பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? பொறவு கையைக் காட்டிப் பாத்தேன். கப்புனு பிடிச்சுக்கிச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"உங்களுக்கு வாய் சும்மா இருக்கும். மூஞ்சி சும்மா இருக்காது. செவிட்டு நாய் காவலுக்கு எதுக்குன்னு மொதலாளி அன்னைக்கே அனுப்பியிருப்பாரு."

"அவர் சொன்னப்போ ஏன் கையைத் தூக்கல?"

"தூக்கியிருந்தா நாயி இந்நேரம் கார்ல போயிக்கிட்டிருக்கும்."

அது சரிதான். கடைசியா ஒன்று கேட்டேன்.

"தெலுங்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருந்துச்சே. வீட்டுல நீங்க இம்புட்டுப் பேசி நான் எப்போ கேட்டேன்?"

காவல் எப்படின்னு யாரும் கேட்டால் சொல்லிக்கிடுறேன். அதுக்குக் கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது. காட்டுப் பன்றி வந்தால் தரை அதிருகிறதிலேயே எழுந்து நிற்கும். குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மச்சினன் மரத்தில் இருந்து இறங்கி வந்தான். முகம் பூராவும் பல்.

"மேல இருந்து பாத்தா எல்லாம் தெரியுது மச்சான். அக்கா கையைத் தூக்குது, நாயி படுக்குது. நடுவுல நீங்க சும்மா ரேடியோ. இன்னைக்கு டீக்கடையில..."

வீட்டுக்காரி அவன் பக்கம் திரும்பினாள். ஒரு விரலை உதட்டுக்குக் குறுக்கே இழுத்தாள். சூப்பர்வைசர் வாரான், வாயை மூடு. சின்ன வயசில் இருந்து அவனை வளர்த்தவள் அவள். மில் ஜாடை பூராவும் அவனுக்கு அத்துபடி. டீக்கடை என்ற சொல்லோடு வாய் மூடியது.

அப்புறம் வாசலில் சோற்றுத் தட்டை வைத்து, உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினாள். அவன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். நாய் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் கை இன்னும் இறங்கின வாக்கில் அப்படியே இருந்தது. கண் என் மேல் இருந்தது.

உட்கார்ந்தேன்.

அந்தக் கைக்கு உட்கார்கிற உசிரு எங்க தோப்பில் மூணு.