முன் சக்கரத்து எலுமிச்சம்பழம்

சர்க்கரை வந்ததில்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. சைக்கிள் ஓட்டுங்கள் என்று மதுரை டாக்டர் சொன்னதும் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. நடக்கத்தான் சொல்லப்போகிறார் என்று போயிருந்தேன். அவர் என் முழங்கால் படத்தைப் பார்த்துவிட்டு, நடந்தால் மூட்டு இன்னும் தேயும், சைக்கிள்தான் உங்களுக்கு நல்லது, விடாமல் ஓட்டுங்கள் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

எனக்குச் சைக்கிள் புதிதில்லை. என் அப்பா பந்தல்குடியில் ரோட்டோரம் பெட்டிக்கடை வைத்திருந்தார். அருப்புக்கோட்டையில் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வேண்டிய சரக்கை வாங்கிக் கேரியரில் கட்டிக்கொண்டு போவது என் வேலை. தூத்துக்குடி லாரிகள் உரசுகிற மாதிரி கடந்து போகும். ஆடி மாதத்து எதிர்க்காற்றில் உட்கார்ந்து மிதித்தால் வண்டி நகராது, எழுந்து நின்றுதான் மிதிக்க வேண்டும். வீடு சேரும்போது வாயெல்லாம் புழுதி. ஆனாலும் அந்தக் காற்று எனக்குப் பிடிக்கும். பெண் பார்க்க வந்தவர்களிடம் மட்டும் இதைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். அருப்புக்கோட்டையிலேயே மிளகாய் வத்தலும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம், லோடு ஏற்றிச் சைக்கிள் மிதித்த பெண் என்றால் யோசிப்பார்களாம்.

டாக்டர் சொன்ன வாரமே சைக்கிள் வந்துவிட்டது. அதில் என் வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. நீல நிறம், குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள். டயரில் புது ரப்பர் முடி முடியாக நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே, விடியற்காலையில் எந்த வழியாக ஊரைத் தாண்டுவது என்று மனதுக்குள் போட்டுவைத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு கனத்த பெட்டி வந்தது. பிரித்தால், உள்ளே இரும்பு ஸ்டாண்டு. சைக்கிளின் பின் சக்கரத்தை அதில் தூக்கி இறுக்கிவிட்டால் டயர் ஒரு உருளைமேல் சுற்றும். மிதிக்கலாம், வண்டி நகராது. வெளிநாட்டு ஸ்டாண்டு என்றால் பைக் விலை சொல்கிறார்கள், இது நம் நாட்டில் செய்தது, அதே வேலையைச் செய்யும் என்று பெருமையாகச் சொன்னார்.

ரோட்டிலேயே ஓட்டிக்கொள்கிறேனே என்றேன்.

“கடைத்தெருவுல நீ சைக்கிள்ல போனா, ஏவாரம் நொடிச்சுப் போச்சுன்னுல பேசுவாக. ஸ்கூட்டி வேணுமா, சொல்லு, நாளைக்கே வாங்கித்தாரேன்.”

ஸ்கூட்டி ஓட்டினால் சர்க்கரை குறையுமா என்று கேட்டேன். அதற்குத்தான் ஸ்டாண்டு என்றார். அவர் பயத்தில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. எங்கள் கடைத்தெருவில் ஒரு வீட்டுப் பெண் கையில் வளையல் ஒன்று குறைந்தால்கூட, சாயங்காலத்துக்குள் அந்தக் கடை மூழ்கப்போகிறது என்று ஆகிவிடும். நானும் விசேஷ வீடுகளில் மற்றவர் கை வளையல்களை எண்ணியவள்தான்.

ஸ்டாண்டை எங்கே போடுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். மொட்டை மாடியில் போட்டால் நாலு வீட்டுக்குத் தெரியும். ஹாலில் போட்டால் வருகிறவர்களுக்கு உட்கார இடம் இல்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற குடோனில் வத்தல் மூட்டைகளை நெருக்கி அடுக்கி இடம் பண்ணினார். செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தன் கையாலேயே பூட்டினார். கேரியர் இடிக்கிறது என்று கழற்றினார். சத்தம் தெரியாமல் இருக்க அடியில் சாக்குகளை மடித்துப் போட்டார். பின் சக்கரம் உயர்ந்ததும் முன் பக்கம் தாழ்ந்துவிட்டது. பழைய தராசுக் காலத்து எடைக்கற்களை அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு முன் சக்கரத்தை ஏற்றிவைத்தார். எதிரே காற்றுக்கு ஒரு டேபிள் பேன். அவ்வளவு அக்கறை. ஒருவர் இவ்வளவு அக்கறையாகச் செய்யும்போது கோபப்படவும் வழியில்லை.

புது வண்டிக்குப் பூஜை போடாமல் ஏறக் கூடாதே. சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தார். மிதி என்றார். மிதித்தேன். பின் சக்கரம் உறுமிக்கொண்டு சுற்றியது, முன் சக்கரம் அசையவில்லை, பழம் முழுசாக இருந்தது. வண்டியை இறக்கித் தெருவில் வைத்து ஒரே ஒரு தடவை ஏற்றிவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து பழத்தைக் குதிகாலால் மிதித்து நசுக்கினார். ஆயிற்று, இனிமேல் ஓட்டு என்றார்.

ஓட்டினேன். வத்தல் குடோனில் மேல்மூச்சு வாங்கினால் என்ன ஆகும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. இருமல் வந்தது, கண் எரிந்தது, பேன் போட்டால் நெடி முகத்தில் வந்து அடித்தது. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு எதிரே இருக்கிற மூட்டைகளைப் பார்த்தபடி மிதித்தேன். கடையில் சரக்கு எடுக்க வந்தவர்கள் உள்ளே என்ன சத்தம் என்று கேட்டால், “வீட்ல எக்சர்சைஸ் பண்றாக” என்பார். அந்தக் குரலில் ஒரு மிதப்பு இருக்கும். அதே சைக்கிள்தான். உள்ளே நின்றால் வசதி, வெளியே போனால் வறுமை.

நாலைந்து மாதத்தில் சர்க்கரை குறைந்தது. டாக்டர் பாராட்டினார். என் வீட்டுக்காரர் ஸ்டாண்டைப் பாராட்டினார்.

ஒரு நாள் மிதித்துக்கொண்டிருக்கும்போதே பின் டயர் வெடித்தது. அன்றைக்கு அவர் வத்தல் பார்க்க வீரசோழன் சந்தைக்குப் போயிருந்தார். கடையில் மூட்டை தூக்குகிறவரிடம் சொல்லிச் சைக்கிளை ரிப்பேர் கடைக்கு அனுப்பினேன். திரும்ப எடுத்துவரவும் அவரையே அனுப்பியிருக்கலாம். நானே போனேன். ரிப்பேர் கடைக்காரர் பழைய டயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒத்தச் சக்கரத்துலயாக்கா ஓட்டுனீக? பின் டயரு மொட்டையாப் போச்சு. முன் டயருல முடிகூட உதிரலையே.”

அவர் சிரிப்பாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காசைக் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அங்கேயே ஏறினேன். வீட்டுப்பக்கம் திருப்பவில்லை. கடைத்தெரு வழியாகவே போய்ப் பந்தல்குடி ரோட்டில் விட்டேன். ஊர் முடிந்து கருவேலங்காடு தொடங்குகிற இடம்வரைதான். ஒரு லாரி கடந்து போய் முகத்தில் புழுதியை அடித்தது. மூட்டு வலிக்கவில்லை. அப்பா கடைவரைக்கும் போய்விடலாம் போலிருந்தது. கடைதான் இப்போது இல்லை. உலை வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிட்டேன்.

அவர் ராத்திரி வந்து சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பஸ்ஸிலேயே போன் வந்துவிட்டதாம், கூட வியாபாரம் செய்கிற ஒருவரிடமிருந்து: “அண்ணாச்சி, மதினி சைக்கிள்ல போறதப் பாத்தேன். கடையில எதும் கஷ்டமா? ஒளிக்காமச் சொல்லுங்க.” அதை அவர் அப்படியே திருப்பிச் சொன்னார்.

“ஒனக்கு நான் என்ன கொறை வச்சேன்?”

“கொஞ்சம் காத்து வாங்கப் போனேன்.”

“காத்துக்குத்தான் பேன் வச்சுக் குடுத்துருக்கேன்ல.”

சோறு போட்டேன். சாப்பிட்டார்.

அடுத்த வாரம் சைக்கிளை மூட்டை தூக்குகிறவருக்குக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கியவருக்கு ஊர், தள்ளியிருக்கிற குமாரலிங்கபுரம். அவ்வளவு தூரமும் அதில்தான் போகப்போவதாகச் சொல்லி, கும்பிட்டுவிட்டு ஏறிப் போனார். தெரு திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லவே கூசுகிறது.

குடோனில் புது மெஷின் வந்து இறங்கியது. சீட்டு, பெடல், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, எல்லாம் சேர்ந்த ஒரே இரும்பு. நாலு காலில் நிற்கிறது. இதை யாரும் எங்கேயும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. தட்டில் சந்தனம், குங்குமம், சூடம், எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்துவந்து பூஜை போட்டார். சூடம் காட்டி முடித்து, பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து முன்னாலும் பின்னாலும் பார்த்தார். வைப்பதற்கு அதில் சக்கரமே இல்லை. கடைசியில் பழத்தை என் கையில் கொடுத்தார்.

“ஜூஸ் போட்டுக் குடி. சீனி போட்றாத.”