தெருமுனை மறியல்

புயல் வெள்ளம் எங்கள் பெஹாலா வீட்டுக்குள் புகுந்ததிலிருந்து மனைவியும் மகளும் லேக் கார்டன்ஸில் மச்சான் வீட்டில் இருந்தார்கள். சேற்றைக் கழுவிவிட்டேன், ஒன்பது நாளாகியும் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. இன்றும் ஆபீசுக்கு வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

சால்ட் லேக் ஆபீசுக்குக் கிளம்பிய என் ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்தினார்கள். கரண்ட் கேட்டு மறியல். எல்லோரும் என் தெருக்காரர்கள்தான். விடச் சொல்லிக் கத்தினேன். நடுரோட்டில் உட்கார்ந்திருந்த மேல்வீட்டு அம்மா, தெருவே மாஷிமா என்று கூப்பிடுகிறவர், வங்காள மொழியில் கேட்டார்:

"ஏன்பா, கரண்ட் வந்தா உன் வீட்ல மட்டும் லைட் எரியாதா?"

இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலாளர் போன் செய்தார். எடுத்து, கோஷம் போடுகிறவர்கள் பக்கம் நீட்டினேன்.